பச்சைத்தூள் குடிக்கும் பேராண்டிக்கு

ஏய்யா பேராண்டி, பிடிக்காத பண்டத்தைப் பிடிச்ச மாதிரி குடிக்கிறதுக்கு ஒரு தெறமை வேணும். சம்பந்தகாரக வீட்டு உப்பில்லாத கொழம்பை 'ஆகா'ன்னு சொல்லி மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு எந்திரிச்ச பரம்பரை நம்மது. ஒனக்கு அந்தத் தெறமை வாய்க்கலை. அந்தப் பச்சைத் தண்ணியில ஒரு மொடக்குக் குடிச்சதும் ஒன் எடது கண்ணு சுருங்குச்சு. காது ரெண்டும் பின்னால போச்சு. தொண்டைக்குழி ஏறி எறங்க அரை நிமிசம் ஆச்சு. அப்புறம் போனைத் தூக்கிப் பிடிச்சு, பல்லைக் காட்டி, "செம டேஸ்ட்டு"ன்னு ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்ற. திண்ணையில ஒக்காந்து அம்புட்டையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணுல புரை எடுத்ததிலேர்ந்து எனக்குப் பார்வை கொஞ்சம் கூடுதலாவே தெரியுது.

கோவிச்சுக்காதே. பெங்களூருல ஒரு கிளாசு முந்நூறு நானூறு குடுத்துக் குடிக்கிற மாட்சாவை நல்லாயில்லைன்னு சொல்ல ஒனக்கு மனசு வராது. துட்டுக் குடுத்தவன் நாக்கு பொய்தான் சொல்லும். அந்தப் பொய்யை நான் குத்தமாச் சொல்லலை. அதை ஒழுங்காச் சொல்லத் தெரியலைங்கிறதுதான் என் வருத்தம்.

"டீயைப் பத்தி ஒனக்கென்ன தாத்தா தெரியும்"னு அன்னைக்குக் கேட்டியே, கேட்டுக்க. பேப்பர்ல விருதுநகர் சந்தை நிலவரம்னு போடுவானே, வத்தல், மல்லி, உளுந்து, நல்லெண்ணெய், காப்பிக்கொட்டைன்னு வரிசையா, அந்தச் சந்தையில ஒரு மண்டியில கணக்கெழுதிக் காலத்தைக் கழிச்சவன் நான். குன்னூருல 1963லேர்ந்து தேயிலை ஏலம் நடக்கு. அங்க எடுத்த தூளு மூட்டை மூட்டையா நம்ம மண்டியில வந்து எறங்கும். ரெட் டஸ்ட், சூப்பர் ரெட் டஸ்ட்டுன்னு அதுல பல தரம் உண்டு. மொதலாளி சாம்பிளை வெள்ளைக் கோப்பைகள்ல ஊத்தி வரிசையா வப்பாரு. ஒரு கரண்டி எடுத்து வாயில வச்சு சர்ர்ர்ருன்னு உறிஞ்சுவாரு பாரு, தெருக்கோடி வரைக்கும் கேக்கும். வாய்க்குள்ள ஒரு சுத்து சுத்தவிட்டுப் பித்தளைக் கோளாம்பியில துப்பிட்டு, அடுத்த கோப்பைக்குப் போயிருவாரு. "ஏன் மொதலாளி இம்புட்டுச் சத்தம்"னு ஒரு நாள் கேட்டேன். "சத்தம் போட்டு உறிஞ்சுனாத்தான் தண்ணி பூந்தூறலா வாய்க்குள்ள தெறிச்சு, வாசம் பின்பக்கமா மூக்குக்கு ஏறும். நாக்குக்குத் தெரியிறது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மூக்கு வேலை"ன்னாரு.

நீ பிளாஸ்டிக் கொழாயை விட்டு உறிஞ்சுற. மேல மூடி வேற. மூக்குக்கு அங்க என்ன வேலை இருக்கு? வாசத்தைப் பூட்டி வச்சுட்டுச் சுவையைத் தேடுற ஆளு நீ.

ஒன் டப்பாவுல இருக்கிறது ஏதோ தேவலோகத்து மூலிகைன்னு நெனைச்சுக்காதே. அதுவும் தேயிலைதான். கோத்தகிரியில நிக்கிறதும் அங்க சப்பான்ல உஜியில நிக்கிறதும் ஒரே செடிதான். வளக்கிற வெதத்துலதான் வித்தியாசம். கொழுந்து எடுக்கிறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடி தோட்டத்துக்கு மேல பந்தல் போட்டுருவாக. முந்தி நாணத்தட்டியும் வைக்கோலும், இப்பக் கருப்பு வலை. மொதல்ல கொஞ்சமா மறைச்சு, கடைசியில நூத்துக்கு 90 பங்கு வெயிலை வெளியவே நிறுத்திருவாக. மல்லாங்கிணத்துக்காரன்கிட்ட வந்து இதைச் சொன்னா என்ன சொல்லுவான்? மழையில்லாத வருசத்துலயும் இந்தக் கரிசக்காட்டுல கொறையில்லாம வெளையிற ஒரே வெள்ளாமை வெயிலுதான். அதைத் துட்டுச் செலவழிச்சு மறைக்கிறானாம் ஒரு சம்சாரி! "அம்புட்டு வேண்டாம்னா இங்கிட்டு அனுப்பாம இருந்தாப் போதும், நாங்க கும்பிட்டுக்கிடுதோம்"பான்.

ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. தேயிலைச் செடி வேர்ல தியானின்னு ஒரு சரக்கு உண்டாகி இலைக்கு ஏறும். கியோட்டோ பக்கம் சகாதோன்னு ஒருத்தரு 1949ல இதைக் கண்டுபிடிச்சாரு. இலையில வெயிலு பட்டா அந்தத் தியானின் கேட்டச்சின்னு துவர்ப்புச் சரக்கா மாறிப்போகும். வெயிலை மறைச்சுட்டா மாறாம அப்படியே தங்கிரும். போதாததுக்கு, வெளிச்சம் பத்தாத செடி, கெடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமப் பிடிக்கிறதுக்காகப் பச்சையத்தைக் கூடுதலாச் சேத்துக்கும். ஒன் டப்பாவைத் தெறந்ததும் கண்ணைப் பறிக்குதே ஒரு பச்சை, அது செடி இருட்டுல பட்ட பாடு.

பறிச்ச இலையை அன்னைக்கே ஆவியில காட்டிருவாக. அதனால அது கருக்காது. நம்ம டீத்தூளுக்கு உருட்டுவானே, அது மாதிரி உருட்டாம, விரிச்சபடியே காயவச்சு, காம்பையும் நரம்பையும் நீக்கிட்டு, மிஞ்சின சதையை மட்டும் கருங்கல் திரிகையில போட்டு அரைப்பாக. ஒரு மணி நேரம் சுத்துனா 30, 40 கிராம் தூளு விழும். வேகமாச் சுத்துனா கல்லு சூடேறி வாசம் போயிரும், அதனால மெதுவாத்தான் சுத்தணும். ஒங்க அப்பத்தா வாக்கப்பட்டு வந்த புதுசுல திரிகையில உளுந்து ஒடைப்பா. ஒரு மணி நேரத்துல 40 கிராம் ஒடைச்சிருந்தான்னா எங்க ஆத்தா அவளை அன்னைக்கே அப்பன் வீட்டுக்கு வண்டியேத்தி விட்டிருப்பா.

இப்பச் சொல்றேன், ஒன் டப்பாவுல ரெண்டு கரண்டி கொறையுதுன்னு அப்பத்தாகிட்டப் பொலம்புனியாமே. எலியை வையாதே. எடுத்தது நான்தான்.

எப்படிப் போட்டேன்னு கேளு. டீ வடிகட்டியில போட்டுச் சலிச்சேன். சலிக்காட்டிக் கட்டி தட்டும். ஒரு ஆளுக்கு 2 கிராம், சின்னக் கரண்டியில ஒண்ணு. தண்ணியைத் தளதளன்னு கொதிக்கவிட்டு அப்படியே ஊத்தக்கூடாது, கைப்பு முன்னால ஓடியாந்துரும். எறக்கி வச்சு, 70, 80 டிகிரிக்கு ஆறவிட்டு, அரை டம்ளருக்கும் கொறைச்சலா, 60, 70 மில்லிதான் ஊத்தணும். கலக்குறதுக்கு அவுக ஒரே மூங்கிக் கணுவை நார்நாராக் கீறி ஒரு துடைப்பம் மாதிரி செஞ்சு வச்சிருக்காக. நாரா பக்கத்துல தகயாமான்னு ஒரு ஊரே அந்த வேலைதான் தலைமொற தலைமொறயாப் பாக்குதாம். நம்மகிட்ட ஏது? அப்பத்தாவோட சின்ன மோர்மத்தை எடுத்துக் கலக்குனேன். நுரை கட்டலை, ஆனா கட்டியில்லாம கரைஞ்சுச்சு. அப்பத்தாவுக்கும் ஒரு வாய் குடுத்தேன். "கீரை வேகவச்ச தண்ணி. எவளோ உப்புப் போட மறந்துட்டா"ன்னு சொல்லிட்டு மத்தைக் கழுவி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவ தீர்ப்பு அம்புட்டுத்தான், அப்பீலு கெடையாது.

நான் மொதலாளி மாதிரி உறிஞ்சிப் பாத்தேன். மொத வாசம் கடற்பாசி வாசம். சும்மா ஒப்புக்குச் சொல்லலை, ராமேஸ்வரம் பக்கம் பாசி காயப்போட்ட மணல்ல நடந்தா மூக்குல ஏறுமே, அந்த வாசத்துல இருக்கிற அதே கந்தகச் சரக்கு நெழல்ல வளந்த இந்த இலையிலயும் இருக்கு. அடுத்து வாயி நெறைய ஒரு கொழுமை. அது இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை, ஆனா எச்சி ஊறுது. இகெடான்னு தோக்கியோ வாத்தியாரு ஒருத்தரு 1908ல கடற்பாசிச் சாறுலேர்ந்து இந்தச் சுவையைப் பிரிச்செடுத்து உமாமின்னு பேரு வச்சாரு. பேரு புதுசா இருந்தாலும் நமக்குப் பண்டம் பழசு. தக்காளி, காளான், கருவாடு எல்லாத்துலயும் அதுதான் இருக்கு. மொத நா வச்ச கருவாட்டுக் கொழம்பை மறுநாக் காலையில பழைய சோத்துக்கு ஊத்தித் திங்கிறவனுக்கு உமாமி பத்தி யாரும் கிளாசு எடுக்க வேண்டாம்.

கொழுமைக்கு அப்புறம் கைப்பு வரும், காப்பியில இருக்கிற அதே கஃபீனுக்கும் அதுல பங்கு உண்டு. கடைசியில நாக்கு லேசா வறண்டு பிடிக்கும். அதுதான் துவர்ப்பு. எச்சியில இருக்கிற வழவழப்புப் புரதத்தைக் கேட்டச்சின் போயிப் பிடிச்சுக்கிடுது, அதனால நாக்கும் அண்ணமும் ஒண்ணோட ஒண்ணு ஒரசுறது தெரியுது. இப்பத்த விஞ்ஞானிக துவர்ப்பைச் சுவையில சேக்கிறதில்லை, அது தொடு உணர்ச்சிங்கிறாக. நம்ம பெரியவுக அறுசுவையில அதுக்கு ஒரு எடம் குடுத்து ஒக்கார வச்சாக. எடம் குடுத்ததோட நிக்கலை, வாழப்பூ, அத்திக்காய்னு எலையில பரிமாறவும் செஞ்சாக. சாப்பாடு முடிஞ்சா வாயில போட்ட பாக்கும் துவர்ப்புதான். ஒன் நாக்குல ஆறு வீடு இருந்தும் ரெண்டு வீட்டுலதான் வெளக்கு எரியுது, சீனி வீடு, காரப்பொடி வீடு. துவர்ப்பு வாசல்ல வந்து நின்னா, "யாரு"ன்னு கேக்கிற.

எனக்கு ஏன் பிடிச்சுப்போச்சுன்னா, டாக்டரு புண்ணியம். சீனி வியாதின்னு சொல்லி டீயில சீனியை நிறுத்தி வருசம் பல ஆச்சு. நிறுத்துன புதுசுல கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்புறம்தான் தேயிலைக்குன்னு ஒரு ருசி இருக்குங்கிறதே தெரிஞ்சுது. மண்டியில இருந்த காலத்துல மொதலாளி துப்புன ருசி, எனக்கு நோவு வந்தப்பறம்தான் கெடைச்சுது.

நீ என்ன பண்ற? 40 கிராமுக்கு ஒரு மணி நேரம் கல்லு சுத்தி, வெயிலைத் தடுத்துக் காப்பாத்திக் குடுத்த தூளை எடுத்து, அரைப்படி ஐஸ்கட்டி, பால், வெண்ணிலாச் சாறு எல்லாத்தையும் ஊத்தி அமுக்குற. பால்ல கேசின்னு ஒரு புரதம் இருக்கு. துவர்ப்புச் சரக்கை நாக்குக்குப் போக விடாம அதுவே பிடிச்சு வச்சுக்கும். துவர்ப்பைப் பாலு முழுங்கிருது. கைப்பைச் சீனி முழுங்கிருது. வாசத்தை ஐஸு முழுங்கிருது. மிச்சம் இருக்கிற பச்சைக் கலருக்குத்தான் நீ நானூறு ரூவா குடுக்க. சிவகாசியில நூறு ரூவாய்க்குப் பச்சை மத்தாப்பு வாங்குனாக்கூட இதைவிடக் கூடுதலா நேரம் எரியும்.

"நம்ம டீக்கடையிலயும் பாலும் சீனியும்தானே தாத்தா"ன்னு கேப்ப. நல்ல கேள்வி. அதுக்குக் காரணம் இருக்கு. 1930ல அசாம்ல இலையை நசுக்கிக் கிழிச்சுச் சுருட்டுற மெசினு ஒண்ணு வந்துச்சு, சிடிசின்னு பேரு. அந்தத் தூளு கொஞ்சம் போட்டாலும் கடுகடுன்னு எறங்கும். அந்தக் கடுப்புக்குப் பாலு வேணும். அதே காலத்துல தேயிலைக் கம்பெனிக்காரக சந்தைக்குச் சந்தை, ஆலை வாசலுக்கு வாசல் போயி ஓசியில ஊத்திக் குடுத்து நம்மாளுகளைப் பழக்குனாக. காப்பி எப்படி மரியாதைப்பட்ட வீட்டுக்குள்ள போயி ஒக்காந்துச்சு, டீ எப்படி ஒழைக்கிறவன் கைக்கு வந்துச்சுங்கிறதையெல்லாம் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'ங்கிற புஸ்தகத்துல எழுதியிருக்காரு, வாங்கிப் படி. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் வேன் ஏறுற பொம்பளைக விடியக்காலம் குடிக்கிற டீ, ருசிக்குக் குடிக்கிற டீ இல்லை. மத்தியானத் தூக்குச்சட்டி தெறக்கிற வரைக்கும் பசியமத்துற டீ. அதுல பாலும் சீனியும்தான் சாப்பாடு, தேயிலை வெறும் சாக்கு. அந்த டீயை நான் ஒரு நாளும் கேலி பண்ண மாட்டேன். பசியில்லாத நீ, பசிக்காரன் டீயைப் பச்சைச் சாயத்துல முக்கி நானூறுக்கு வாங்குறியே, அதைத்தான் கேலி பண்றேன்.

தேயிலைன்னா நம்ம ஆளுக முதுகும் அதுல இருக்கு. பழைய ராமநாதபுரம் ஜில்லாவுலேர்ந்து, நம்ம விருதுநகரும் 1985 வரைக்கும் அதுலதான் இருந்துச்சு, கொழும்பு மலைத் தோட்டத்துக்குப் பஞ்சம் பொழைக்கப் போன சனம் கொஞ்சமா? 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டதும் திரும்பி வந்தவுகளுக்கு வேலை குடுக்கத்தான் நீலகிரியில சர்க்கார் தோட்டம் போட்டுச்சு. பின்னால அது டான்டீன்னு கம்பெனியாச்சு. கொழுந்து கிள்ளுன கையி நம்ம கையி. அதுல நல்ல கொழுந்து கப்பல் ஏறுச்சு, நம்ம டம்ளருக்கு டஸ்ட்டு வந்துச்சு.

அடுத்தவன் பண்டத்தைத் தொடாதேன்னு சொல்ல வரலை. சப்பான்காரன்கிட்ட இந்தத் தூளு எங்கேர்ந்து வந்துச்சு? சீனாவுலேர்ந்து. எய்சாய்னு ஒரு பிட்சு 1191ல தேயிலை விதையையும் பொடியாக் கலக்கிக் குடிக்கிற பழக்கத்தையும் கொண்டாந்தாரு. 1211ல தேயிலை மகிமையைப் பத்திப் புஸ்தகமும் எழுதுனாரு. அந்தப் பக்கம் சீன ராசா 1391ல, தேயிலையைக் கட்டி கட்டியா அமுக்கி அனுப்புற கப்பம் வேண்டாம், இலையா அனுப்புங்கன்னு உத்தரவு போட, பொடிப் பழக்கம் அங்க மங்கிப்போச்சு. குடுத்தவன் மறந்துட்டான், வாங்குனவன் பிடிச்சுக்கிட்டான்.

நம்ம பக்கமும் அப்படி ஒரு கதை உண்டு. கல்கத்தாவுல குடியேறுன சப்பான்காரக தீப்பெட்டி செய்யிற தொழிலைக் கொண்டாந்தாக. அதை வங்காளத்துக்காரக கத்துக்கிட்டாக. 1922ல சிவகாசியிலேர்ந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போயி, கூட இருந்து வேலையைக் கத்துக்கிட்டு வந்து, மறு வருசமே இங்க தீக்குச்சி செய்ய ஆரம்பிச்சுட்டாக. இன்னைக்கு அந்தத் தொழிலுக்கு ஊரு எதுன்னு கேட்டா யாரு சப்பானைச் சொல்லுவா? கத்துக்கிறதுன்னா அப்படிக் கத்துக்கணும், அடியிலேர்ந்து நுனி வரைக்கும். நீயும் சப்பான்காரன் பண்டத்தைத்தான் எடுத்த. கலரை எடுத்த, டப்பாவை எடுத்த, போட்டோ எடுத்த. ருசியை மட்டும் அங்கயே விட்டுட்டு வந்துட்ட.

போட்டோவுக்காக டீ குடிக்கிறது நீ கண்டுபிடிச்ச வித்தைன்னும் நெனைச்சுக்காதே. ஹிதெயோஷின்னு ஒரு சப்பான் தளபதி, 1586ல டீ குடிக்கிற அறையையே தங்கத்தகட்டுல செஞ்சு, கழட்டி மாட்டுற மாதிரி அமைச்சு, சக்கரவர்த்தி அரண்மனைக்கே தூக்கிக்கிட்டுப் போயிக் காட்டுனான். இன்னைக்கு இருந்திருந்தா அவன்தான் நம்பர் ஒன் ரீல்ஸ்காரன். அவனுக்கு டீ கலக்கிக் குடுத்த குரு சென் நோ ரிக்யூவோட வழி வேற. மண்சுவரு, ரெண்டு பாயி விரிக்கிற எடம், கறுப்பு மண்கோப்பை, அம்புட்டுத்தான் அவரு கடை. வாசல் ரெண்டடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். எப்பேர்ப்பட்ட சூரனா இருந்தாலும் கத்தியை வெளிய வச்சுட்டு, தலை குனிஞ்சு, முட்டி போட்டுத்தான் உள்ள வரணும். உள்ள வந்தப்பறம் ஆண்டையும் இல்லை, அடிமையும் இல்லை. 1591ல அதே ஹிதெயோஷி அந்தக் குருவை வயித்தைக் கிழிச்சுக்கிட்டுச் சாகச் சொன்னான், அவரும் செஞ்சாரு. தங்க அறைக்காரனுக்கு மண்சுவருக்காரனைக் கண்டா எப்பவும் ஆகாது.

சிரிச்சது போதும், இதை மட்டும் சிரிக்காமக் கேட்டுக்க. அங்க அந்தக் குரு எல்லாரும் குனிஞ்சு நொழையிற வாசல் வச்சாரு. தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைக எத்தனையோவுல ஆளுக்கேத்த மாதிரி தனி டம்ளர் வச்சிருந்தாக. ஒரு சாராரு பெஞ்சியில ஒக்காந்து குடிக்க, இன்னொரு சாராரு வெளிய குத்தவச்சுக் குடிச்சு, டம்ளரைத் தானே கழுவிக் கவுத்துட்டுப் போகணும். பாலும் சீனியும் எம்புட்டுப் போட்டாலும் அந்த டீயோட கைப்பு போகாது. நீ குடிக்கிற கடையில எல்லாருக்கும் ஒரே கிளாசுதான்னு பெருமைப்பட்டுக்காதே. அங்க வாசல்ல ஆளைப் பிரிக்கிறது நானூறு ரூவா.

ஒடம்புக்கு நல்லதுன்னு வேற அளக்குற. கொழுப்பு கரையும், வயசு திரும்பும், தோலு மினுங்கும். இந்த ஊரு வெயில்ல வேலை செஞ்ச எனக்குக் கரைய கொழுப்பும் இல்லை, மினுங்கத் தோலும் இல்லை. 2 கிராம் தூள்ல 40லேர்ந்து 80 மில்லிகிராம் வரைக்கும் கஃபீன் இருக்கும், ஒரு நல்ல காப்பிக்குக் கிட்ட. சாயங்காலத்துக்கு மேல குடிச்சா ராத்திரி கோட்டான் மாதிரி முழிச்சுக்கிட்டுக் கெடப்ப. தியானின் கூடவே இருக்கிறதால அந்த முழிப்பு பதட்டமில்லாத முழிப்புங்கிறாக, அதை வேணும்னா ஒத்துக்கிடுதேன். ஆனா கிரீன் டீச் சத்துன்னு மாத்திரையில அடைச்சு விக்கிறானே, அது பக்கம் போகாதே. ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் அந்தக் கேட்டச்சின் சத்தை மாத்திரையா முழுங்குனா ஈரலுக்கு ஆகாதுன்னு ஐரோப்பாவுல உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே எச்சரிச்சுருக்கு. இன்னொண்ணு, சோத்தோட சேத்துக் குடிச்சா சோத்துல இருக்கிற இரும்புச்சத்து ஒடம்புல சரியா ஒட்டாது. நம்ம மாநிலத்துப் பொம்பளைகள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகைன்னு சர்க்காரோட குடும்பநலக் கணக்கே சொல்லுது. ஒன் தங்கச்சிக்கு ஊத்திக் குடுக்கிறதா இருந்தா, சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும்.

வாங்குறதுலயும் ஏமாறாதே. செரிமோனியல் கிரேடுன்னு டப்பாவுல போட்டிருக்கிறதைப் பாத்துட்டு வெலையைப் பாக்காம வாங்கிட்ட. அந்தப் பேருக்குச் சட்டத்துல ஒரு அளவுகோலும் கெடையாது. எவன் வேணும்னாலும் போட்டுக்கலாம். மண்டியில டீத்தூளுல சாயம் இருக்கான்னு பாக்க ஈரப் பேப்பர்ல கொஞ்சம் தூவுவோம், கலர் கசிஞ்சா மூட்டையைத் திருப்பி அனுப்பிருவோம். பேரைப் பாத்து யாரும் மூட்டை எறக்குனதில்லை. நல்ல மாட்சா பளீர்ப் பச்சையா இருக்கும், மஞ்சப் பூத்திருந்தா வெயிலு பட்டதோ பழசோதான். ரெண்டு வெரலுக்கு நடுவுல தேச்சா நெருநெருப்பு தெரியக்கூடாது. தெறந்த டப்பாவைக் காத்து, வெளிச்சம், சூடு படாம இறுக்கி மூடி, ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள தீத்துரணும். மூடியைத் தெறந்து போட்டுட்டு அடுப்புத் திட்டுல வச்சிருந்தியே, பாத்தா வயிறு எரியாதா? 2024ல ஒலகம் பூராவும் ஒன்னைய மாதிரி ஆளுக பால்ல கலக்கிக் கலக்கி, உஜியில இருக்கிற பழைய கடைகளே ஆளுக்கு இம்புட்டுத்தான்னு அளந்து விக்க வேண்டியதாப் போச்சு. பால்ல கலக்குறதுக்குன்னே சமையல் தரம்னு கொறஞ்ச வெலையில தனியா விக்கிறான், அது போதும் ஒனக்கு.

போற வாக்குல இதையும் சொல்லிடறேன். இனிமே எவனாவது அரவக்குறிச்சி முருங்கையிலையை அரைச்சு, டப்பாவுல போட்டு, "நம்ம நாட்டு மாட்சா"ன்னு வந்து நிப்பான். முருங்கை நல்ல பண்டம்தான், ஆனா அதுல கஃபீனும் இல்லை, தியானினும் இல்லை. ரெண்டும் பச்சை, அதோட சரி. முருங்கையைக் கொழம்பாவோ பொரியலாவோ அதோட மரியாதையில திங்கணும், அடுத்தவன் சட்டையை மாட்டிவிடக் கூடாது.

ஒனக்கு அந்தக் கைப்பு தாங்கலை, இனிப்பு இல்லாமத் தீராதுன்னா அதுக்கும் வழி இருக்கு. சப்பான்காரனும் இனிப்புத் திங்கிறவன்தான், ஆனா கோப்பைக்குள்ள போட மாட்டான். மொதல்ல ஒரு துண்டு இனிப்பைத் தின்னு முடிச்சு, அப்புறம் வெறும் மாட்சாவைக் குடிப்பான். இனிச்ச வாயில கைப்பு எறங்குறப்பத்தான் ரெண்டோட அருமையும் தெரியும். நம்ம ஜில்லாவுல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கு, 2019ல புவிசார் குறியீடு வாங்கினது. நீ கேக்கிற பாலும் சீனியும் அதுக்குள்ளயே இருக்கு. ஒரு கிள்ளு வாயில போட்டுக் கரையவிட்டு, மேல இந்தப் பச்சையை மெதுவா உறிஞ்சிப் பாரு. சத்தம் வந்தா வரட்டும்.

ரெண்டு மூணு தடவை அப்படிக் குடிச்சும் பிடிக்கலைன்னா, பிடிக்கலைன்னு வாயைத் தெறந்து சொல்லு. ஊரே ஆகான்னாலும் நீ சொல்லு. அப்பத்தா சொல்லிட்டு மத்தைக் கழுவி எடுத்துக்கிட்டுப் போகலையா? ருசிங்கிறது அவனவன் நாக்குக்கும் மனசுக்கும் உள்ள வழக்கு, அதுல அடுத்தவன் சாட்சி செல்லாது.

அதனால, ஊருக்குப் பொறப்படுறப்ப இந்த டப்பாவைப் பையில வைக்காதே. பால்ல கலக்குறவனுக்கு இது எதுக்கு? இங்கயே விட்டுட்டுப் போ. அடுத்த தரம் வாரப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கி ஒரு கால்கிலோ பால்கோவாவும் வாங்கிட்டு வா. அப்பத்தா கேட்டா ஒனக்குன்னு சொல்லு.